பத்து நிமிடத்தில் ஐம்பத்து மூன்று

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் தசமம். வைத்தது யார் என்பது யாருக்கும் நினைவில்லை. ஏன் என்பது எல்லோருக்கும் தெரியும். மின்சார மீட்டரில் ஓடும் எண்களில் புள்ளிக்கு அப்புறம் ஓர் எண் இருக்கும். ரீடிங் எடுக்கும் கருவி அதைக் கேட்பதில்லை. முழு எண்ணைத் தட்டினால் போதும், சீட்டு வந்துவிடும். மற்ற பதினோரு பேரும் அந்தக் கடைசி எண்ணைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இவர் மட்டும் சட்டைப் பையிலிருந்து உள்ளங்கை அகல நோட்டை எடுத்து, முழு எண், புள்ளி, புள்ளிக்கு அப்புறம் உள்ளது எல்லாவற்றையும் எழுதி, பக்கத்தில் மணியையும் போட்டுக்கொள்வார். ஆண்டுக்கு நான்கு நோட்டு வீதம் இருபத்தொன்பது ஆண்டுகளில் நூற்றுப் பதினாறு நோட்டுகள். "புள்ளிக்கு அந்தப் பக்கம் இருக்கிறதை வெச்சு மாடி கட்டப் போறியா?" என்று கேலி செய்தவர்கள் எல்லாம் ஓய்வுபெற்றுப் போய்விட்டார்கள். இவருக்கு இன்னும் பதினான்கு மாதம் பாக்கி இருந்தது.

சந்தேகப்படுவதற்குத்தான் தனக்குச் சம்பளம் என்று அவர் உறுதியாக நம்பினார். ஒரு தெருவுக்குள் நுழைந்தால் மீட்டரைப் பார்க்கும் முன் தலையைத் தூக்கி மேலே பார்ப்பார். எந்தச் சன்னலில் குளிர்சாதனப் பெட்டி சொட்டுகிறது, எந்தக் கம்பத்திலிருந்து எந்த வீட்டுக்கு எத்தனை வயர் போகிறது என்று பார்த்துக்கொண்டபின்தான் முதல் வாசற்படியில் கால் வைப்பார். காலண்டருக்குப் பின்னால் ஓடிய திருட்டு வயரையும், பூந்தொட்டிக்கு அடியில் புதைத்த கேபிளையும், மீட்டரின் தலையில் காந்தம் வைத்து அதற்குப் பொம்மைச் சட்டை போட்டிருந்ததையும் கண்டுபிடித்தவர் அவர். கொக்குக்கு ஒன்றே மதி என்பார்கள். அவருடைய ஒரே மதி அந்த மீட்டர் பெட்டிக்குள் இருந்தது.

அப்படிப்பட்டவருக்கு இந்த ஓராண்டாகவே ஊர் பிடிபடவில்லை.

முதலில் அழைப்பு மணிகள் போயின. வழக்கமாகப் போகும் முந்நூற்றுப் பத்து வீடுகளில் நாற்பத்தேழு வீட்டில் மணி அடிக்கவில்லை. கதவைத் தட்ட வேண்டியிருந்தது. பிறகு முடிதிருத்தும் கடையில் மூன்று மின்விசிறிகளில் ஒன்றுதான் சுற்றியது, வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலிக்கு நேர் மேலே இருந்தது மட்டும். நாற்காலி மாறி உட்கார்ந்தால் கடைக்காரர் எழுந்து போய் சுவிட்சை மாற்றிப் போட்டார். பேக்கரி அடுப்பு ஒன்றுவிட்டு ஒரு நாள் எரிந்தது. ஐஸ்கிரீம் கடையில் பெரிய உறைபெட்டியை மூடி, பூட்டுப் போட்டு, அதன்மேல் மெத்தை விரித்து பெஞ்சாக்கியிருந்தார்கள். ரீடிங் மாதாமாதம் இறங்கியது. ஆனால் யூனிட்டின் விலை ஆண்டில் மூன்று முறை ஏறியிருந்ததால் சீட்டு மட்டும் இறங்கவே இல்லை. குறைவாக எரித்தவர்களும் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, ஜேப்படித் திருடனைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தார்கள்.

"போன மாசத்தைவிட இருபது யூனிட் கம்மி. சீட்டு மட்டும் எப்படிங்க அதே மாதிரி வருது? உங்க மெஷின்ல ஏதோ இருக்கு."

"மெஷின்ல ஒண்ணும் இல்லம்மா. விலை ஏறியிருக்கு."

"எல்லாரும் அதையேதான் சொல்றீங்க. மளிகைக்காரனும் அதையேதான் சொல்றான்."

அவர்கள் அவரைச் சந்தேகித்தார்கள். அவர் அவர்களைச் சந்தேகித்தார். திடீரென்று குறைந்த ரீடிங்குக்கு அவருக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். அந்த ஆண்டு மட்டும் இருபத்திரண்டு இணைப்புகளை 'ஐயம்' என்று குறித்து மேலிடத்துக்கு அனுப்பினார். பறக்கும் படை போய்ச் சோதித்தது. இரண்டு இடத்தில் திருட்டு பிடிபட்டது. மீதி இருபதில் ஒன்றும் இல்லை.

அந்த இருபதில் ஒன்று, மூன்றாம் மாடியில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற தட்டச்சு அம்மா வீடு. மாதம் பதினோரு யூனிட். படை சுவரில் இருந்த சுவிட்ச் பலகையைக் கழற்றிப் பார்த்தது, பூச்சு உதிர்ந்தது, அவ்வளவுதான். அடுத்த மாதம் இவர் போனபோது அந்த அம்மா மாடிப்படியில் பொது விளக்கின் கீழ் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னைப் பத்தி எழுதிக் கொடுத்தது நீங்கதானே?"

இவர் கருவியைத் தட்டினார்.

"சுவத்தை இடிச்சுட்டுப் போனாங்க. போனா போகட்டும். ஆனா ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்ல சார்? நான் டைப் அடிச்ச காலத்துல, சந்தேகம் வந்தா எழுதினவர்கிட்ட போய்க் கேட்டுட்டுத்தான் அடிப்பேன்."

படியிறங்கும்போது அவருக்கு உறுத்தியது உண்மை. ஆனால் கீழே வந்ததும், பொது விளக்கில் சொந்தச் செய்தித்தாள் படிப்பது முறைதானா என்று ஒரு சந்தேகமும் கூடவே வந்தது. நோட்டில் அதையும் எழுதிவிட்டு, பிறகு அடித்தார். அந்த நூற்றுப் பதினாறாவது நோட்டில் அடித்தல் உள்ள பக்கம் அது ஒன்றுதான்.

இது நடந்து ஒன்பதாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு, மேற்பார்வையாளர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு பட்டியல் இருந்தது.

"உட்காருங்க தசமம்."

"பரவால்ல சார், நின்னுக்கறேன்."

"உட்காருங்க. போன வருஷம் இதே மாசத்தோட ஒப்பிட்டா நூத்துக்கு நாப்பதுக்கு மேல குறைஞ்ச இணைப்பு எல்லாத்தையும் கம்ப்யூட்டரே எடுத்துக் கொடுத்திருக்கு. உங்க வட்டத்துல அறுபத்தொண்ணு. நாப்பத்தி நாலாவதைப் பாருங்க."

பார்த்தார். இணைப்பு எண்ணைப் படிக்கும்போதே தன் பிறந்த தேதியை யாரோ சொல்வது போல இருந்தது. சொந்த வீடு. போன ஆண்டு நூற்று எண்பத்திரண்டு. இந்த மாதம் தொண்ணூற்றேழு.

"இது தப்பு சார்."

"அப்படித்தான் எல்லாரும் சொல்வாங்கன்னு நீங்களே எத்தனை தடவை என்கிட்ட சொல்லியிருக்கீங்க?"

ஊழியர் வீட்டு ரீடிங்கை அந்த ஊழியரே எடுக்கக் கூடாது என்பது விதி. அவர் வீட்டு ரீடிங்கை எடுத்தவன் 'சீட்டி' என்று பெயர் வாங்கிய இளையவன். நடக்கும்போதெல்லாம் சீட்டியடிப்பான், அதனால் அந்தப் பெயர். அவன் பொறுப்பில்லாமல் தட்டியிருப்பான் என்று இவர் சொல்ல, மேற்பார்வையாளர் கணினியைத் திருப்பிக் காட்டினார். சீட்டி எடுத்த படம் இருந்தது. எண் சரி. சொந்த மீட்டரின் முகத்தை இவர் கடைசியாக எப்போது பார்த்தார் என்று யோசித்தார், நினைவுக்கு வரவில்லை. ஊரில் உள்ள மீட்டர் எல்லாம் பார்த்துவிட்டு வருகிறவர் வீட்டு வாசலில் அதையே பார்ப்பாரா?

"வியாழக்கிழமை காலைல படை வருது. ஏதாவது இருந்தா, விதி உங்களுக்கே தெரியும். ஊழியர் வீட்டுத் திருட்டுன்னா வேலை அன்னிக்கே போகும், ஓய்வூதியமும் போகும். பதினாலு மாசம் இருக்கறப்போ..." மேற்பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் உங்களைச் சந்தேகப்படலை."

சந்தேகப்படுகிறவர்கள் சொல்லும் வாக்கியம் அது என்று தசமத்துக்குத் தெரியும்.

அன்று பகல் உணவு இடைவேளையில் அவசரத்துக்குப் பஸ் பிடித்து, ஒன்று ஐந்துக்கு, அவர் தன் வீட்டு மாடிப்படியின் அடியில் போய் நின்றார். எட்டுக் குடித்தனத்துக்கும் மீட்டர்கள் அங்கே வரிசையாக இருந்தன. தன்னுடையதைத் தேட வேண்டியிருந்தது, இடமிருந்து ஆறாவது. ஈயச் சீல் ஒழுங்காக இருந்தது, கம்பி அறுபடவில்லை. மீட்டரின் முகத்தில் ஒரு சிறு சிவப்பு விளக்கு உண்டு. வீட்டுக்குள் மின்சாரம் ஓடினால் அது கண்சிமிட்டும். ஒரு யூனிட்டுக்கு மூவாயிரத்து இருநூறு சிமிட்டல் என்று மீட்டரிலேயே அச்சடித்திருக்கும்.

அது சிமிட்டவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நான்கு நிமிடம் நின்றார். ஒரு சிமிட்டல்கூட இல்லை.

மேலே மனைவி இருக்கிறாள். ஃபிரிட்ஜ் இருக்கிறது. ஆள் இல்லாத வீட்டில்கூட ஃபிரிட்ஜ் ஓடும், விளக்கு சிமிட்டும். ஆள் இருந்தும் விளக்கு செத்துக் கிடந்தால் அதற்கு இருபத்தொன்பது ஆண்டுகளில் அவர் கண்ட பொருள் ஒன்றுதான்: மின்சாரம் மீட்டருக்குள் வராமல் வேறு வழியாக வீட்டுக்குள் போகிறது. நான்கு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் கருவிப் பையோடு வந்தது நினைவுக்கு வந்தது. குளியலறை ஹீட்டரில் கோளாறு என்று மனைவி கூப்பிட்டிருந்தாள். அவன் ஒரு மணி நேரம் சுவிட்ச் பலகையைத் திறந்து வைத்துக்கொண்டு எதையோ நோண்டினான். கடைசியில் ஹீட்டர் ரிப்பேரே ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான்கு மாதம். கணினியில் ரீடிங் இறங்க ஆரம்பித்ததும் நான்கு மாதம்.

படியேறி மனைவியிடம் கேட்டிருக்கலாம். பதினெட்டுப் படிதான். ஆனால் சந்தேகத்தை வீட்டுக்காரரிடம் நேரே கேட்கக் கூடாது, கேட்டால் தடயத்தை அழித்துவிடுவார்கள் என்பது தொழில் பாடம். அவர் திரும்பி மைத்துனன் கடைக்கு நடந்தார்.

மைத்துனனுக்கு மோட்டாரும் மின்விசிறியும் பழுது பார்க்கும் கடை. மனைவியின் தம்பி, ஐம்பது வயதிலும் இளந்தாரி மாதிரி பேசுவான். கடையில் நிற்க இடமில்லை. பழுது பார்த்து முடித்த மின்விசிறிகளும் மிக்சிகளும் பெயர்ச் சீட்டோடு கூரைவரை அடுக்கிக் கிடந்தன.

"வாங்க அத்தான்! என்ன அதிசயம், நீங்க மத்தியானத்துல? பாருங்க நம்ம பொழைப்பை. புதுசு வாங்க வழியில்லாம எல்லாரும் ரிப்பேருக்குக் கொண்டுவந்து தள்றாங்க. ரிப்பேர் பண்ணி வெச்சா எடுத்துட்டுப் போக வர்றதில்லை. போன் பண்ணா, 'அடுத்த மாசம் அண்ணே'ங்கிறான். கடை நடத்தறேனா, மிக்சிக்கு அநாதை ஆசிரமம் நடத்தறேனான்னே தெரியலை."

"நாலு மாசம் முன்னாடி வீட்டுக்கு வந்தியே, பலகையைத் திறந்து என்ன பண்ணே?"

மைத்துனனின் கை திருப்புளியோடு நின்றது. "ஹீட்டர் பார்த்தேன்."

"ஹீட்டருக்கு என்ன கோளாறு?"

"அது... உள்ள காயில் போயிருச்சு."

"காயில் போனா மாத்தலாம். காயில் மாத்தறதுதானே உன் தொழில்?"

"அத்தான், அக்காவைக் கேளுங்க. என்னைக் கேக்காதீங்க. சத்தியம் வாங்கியிருக்கு."

அது போதுமாயிருந்தது. தசமம் இரண்டடி முன்னால் வந்து, குரலை உயர்த்தாமல் கேட்டார்: "திருட்டு வயர் போட்டியா?"

மைத்துனன் திருப்புளியை மேசைமேல் வைத்தான். "இவ்வளவு வருஷமா உங்க வீட்டுல சாப்பிட்டிருக்கேன். இந்தக் கேள்வியைக் கேக்க உங்களுக்கு நாலு நிமிஷம்கூட ஆகலை. போங்க அத்தான். உங்களுக்கு வயர்தான் தெரியும், மனுஷன் தெரியாது."

"தெரிஞ்சதாலதான் கேக்கறேன்."

"வியாபாரம் நடக்கற கடைல நின்னு பேசாதீங்க. போங்க."

கடையில் வியாபாரம் எதுவும் நடக்கவில்லை.

அன்று மாலை ஆறரைக்கு வீடு திரும்பினார். வழக்கமான நேரம். மனைவி கதவைத் திறந்ததும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, செருப்பைப் பார்த்தாள். ஐந்து மாதமாகவே அவளுக்கு அது ஒரு வழக்கமாகிவிட்டிருந்தது. இவர் கவனித்திருக்கிறார், பொருள் புரியவில்லை. இன்றைக்கு அதுவும் சந்தேகமாகப் பட்டது.

"என்னங்க, தம்பி போன் பண்ணான். கடைக்குப் போனீங்களாமே?"

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலை. 'அத்தான் வந்தார், போனார்'னான். அவன் அவ்வளவு சுருக்கமா பேசி நான் கேட்டதில்லை."

சாப்பிட்டபின் ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பார்த்தார்.

"என்ன தேடறீங்க?"

"எறும்பு."

"எறும்புக்கு டார்ச் எதுக்கு? கூப்பிட்டா வரப்போகுதா?"

தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார். குளிர்ந்திருந்தது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக மனைவி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்து நான்கு ஆண்டு தாம்பத்தியத்தில் இருவரும் ஒருவரையொருவர் இப்படி வேவு பார்த்துக்கொண்டது அந்த இரண்டு நாளில்தான்.

வியாழக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்குப் படை வந்தது. படை என்றால் மூன்றே பேர்: நடுவயதுப் பெண் அதிகாரி ஒருவர், அவருக்கு இரண்டு உதவியாளர்கள். தசமம் வீட்டில் சொல்லாமல் விடுப்பு எடுத்துக்கொண்டு, வேலைக்குக் கிளம்புவது போலக் கிளம்பிப் படியடியில் நின்றார். சோதனை நடக்கும்போது வீட்டுக்காரர் ஒதுங்கி நிற்க வேண்டும் என்ற விதியை அவரே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். ஒதுங்கி நின்றால் கையை எங்கே வைப்பது என்று அன்றுதான் தெரியவில்லை.

அதிகாரி சீலைப் பார்த்தார், எண்ணைக் குறித்தார். "சீல் சரியா இருக்கு. ஆனா விளக்கு அசையலையே. வீட்டுல யாராவது இருக்காங்களா?"

"என் மனைவி இருக்கா."

"இருந்தும் அசையலையா?" அதிகாரி இவரைத் திரும்பிப் பார்த்த பார்வையை இவருக்கு நன்றாகத் தெரியும். இருபத்தொன்பது ஆண்டுகள் அவரே பார்த்த பார்வை.

பேச்சுக் குரல் கேட்டு மனைவி மேல்படியில் வந்து நின்றாள். "யாரு? எதுக்கு எங்க மீட்டரைப் பார்க்கறாங்க?"

"கரண்ட் திருட்டுன்னு சந்தேகம்மா," என்றான் உதவியாளர்களில் ஒருவன். சொன்னபின் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மனைவி விறுவிறுவென்று உள்ளே போனாள். 'டக்' என்று ஒரு சத்தம். மெயின் சுவிட்சின் சத்தம். படியடியில் சிவப்பு விளக்கு கண்ணைத் திறந்து சிமிட்ட ஆரம்பித்தது.

"மேல வாங்க," என்றாள் அவள். "எல்லாரும் வாங்க. நீங்களும்தான்."

நான்கு பேரும் ஏறிப் போனார்கள். அவள் ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினாள். உள்ளே மாவு டப்பா, சர்க்கரை டப்பா, மருந்துச் சீட்டு வைத்த கவர், தசமத்தின் இரண்டு சீருடைச் சட்டைகள். ஒரே ஒரு தண்ணீர் பாட்டில். "காலைல இவர் கிளம்பினதும் மெயினை அணைச்சுடுவேன். சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போடுவேன். இவர் வர்றதுக்குள்ள பாட்டில் கொஞ்சம் குளிர்ந்துடும். சட்டையை இதுக்குள்ள மடிச்சு, மேல டப்பாவை ஏத்தினா இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும். துணி எல்லாம் கையால துவைக்கறேன். ஹீட்டர்ல ஒரு கோளாறும் இல்லை. நான்தான் தம்பியை விட்டு வயரைக் கழட்டச் சொன்னேன். இதுல எது திருட்டு?"

ஊரில் முந்நூற்றுப் பத்து வீட்டு ஃபிரிட்ஜின் நிலவரம் சொல்லக்கூடியவர், தன் சட்டை எங்கே தூங்குகிறது என்று அறியாமல் இருந்தார்.

"நம்பறேன்மா," என்றார் அதிகாரி. "ஆனா நான் நம்பறதை எழுத முடியாது. மீட்டர் ஒழுங்கா ஓடுதான்னு சோதிச்சு எழுதணும். இஸ்திரிப் பெட்டி இருக்கா? அதை மாட்டி எண்ணிடலாம்."

"இஸ்திரிப் பெட்டி வேண்டாம் மேடம்," என்றார் தசமம். அவரால் பேசாமல் இருக்க முடியவில்லை. "சூடானதும் தானே நின்னுடும், கணக்கு தப்பும். நூறு வாட் குண்டு பல்பு போடுங்க. பத்து நிமிஷத்துக்கு ஐம்பத்து மூணு வரணும். ஐம்பத்து மூணும் மூணுல ஒரு பங்கும்."

"மூணுல ஒரு பங்கை எப்படி சார் எண்ணுறது?" என்றான் உதவியாளன்.

மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் குண்டு பல்பை மட்டும் எரியவிட்டார்கள். எல்லோரும் மறுபடி படியடிக்கு இறங்கினார்கள். பத்து இருபதுக்கு எண்ணிக்கை தொடங்கியது. பதினோரு விநாடிக்கு ஒரு சிமிட்டல். ஐம்பத்து மூன்றுக்குக் குறைந்தால் வேலையும் ஓய்வூதியமும் போச்சு. தசமம் உதட்டுக்குள் எண்ணினார். ஒன்று. இரண்டு.

மனைவி மூன்றாம் படியில் உட்கார்ந்தாள்.

"மேடம், நீங்க எண்ணுங்க. நான் இவர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிக்கறேன். குறுக்கே பேசாம இவர் நிக்கறது இதுதான் முதல் தடவை. இந்தச் சந்தர்ப்பத்தை விட்டா எனக்கு வேற கிடைக்காது."

ஏழு. எட்டு.

"அஞ்சு மாசமா உங்களுக்கு ஓவர்டைம் கிடையாது. ஆபீஸ்ல நிறுத்திட்டாங்கன்னு ரீடிங் எடுக்க வந்த பையன் சொல்லித்தான் தெரியும். என்கிட்ட சொன்னீங்களா? சொல்லலை. ஓவர்டைம் இருந்தப்போ வர்ற அதே ஆறரைக்குத்தான் இப்பவும் வர்றீங்க. அஞ்சு மணிக்கு வேலை முடிஞ்சா ஒன்றரை மணி நேரம் எங்க போறாருன்னு யோசிச்சேன். முதல்ல என்னென்னவோ நினைச்சேன். வெட்கத்தை விட்டுச் சொல்றேன், வேற குடும்பம் இருக்கோன்னுகூட நினைச்சேன்."

உதவியாளன் சிரிப்பை அடக்கினான். பத்தொன்பது. இருபது.

"அப்புறம்தான் செருப்பைப் பார்த்தேன். வருஷத்துக்கு ஒண்ணு வாங்கறவரு, அஞ்சு மாசத்துல மூணு தடவை அடி மாத்தியிருக்கீங்க. பஸ் கட்டணம் ஏறினதுல இருந்து நடந்தே வர்றீங்க. ஆறு கிலோமீட்டர். நான் கேட்டா 'பஸ்ல ஒரே கூட்டம்'னு புளுகறீங்க. எந்தப் பஸ்ஸுங்க செருப்பைத் தேய்க்குது?"

முப்பது. தசமத்தின் கண் விளக்கில் இருந்தது, காது படியில் இருந்தது. முப்பத்தொன்று.

"வேலையே போயிடுமோன்னு பயந்தேன். கேக்கவும் பயம். கேட்டு, 'ஆமா'ன்னுட்டா? அதனால என் கைல எது இருக்கோ அதைக் குறைச்சேன். சீட்டு ஏன் குறையலைன்னு நீங்க கேப்பீங்கன்னு பார்த்தேன். நீங்க சீட்டையே பார்க்கலை. ஊர் சீட்டெல்லாம் எழுதற கை, வீட்டுச் சீட்டைப் பிரிக்கலை."

அதிகாரி மெல்ல, "எங்க வீட்டுலயும் இதே கதைதாம்மா. அவர் தோசைக்கல்லு வாங்கறேன்னு..." என்று தொடங்கியவர், திடுக்கிட்டு விளக்கைப் பார்த்தார். "எத்தனை ஆச்சு?"

உதவியாளர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "நாப்பது பக்கம் இருக்கும் மேடம்." "முப்பத்தாறு இல்லையா?"

"நாப்பத்தி மூணு," என்றார் தசமம்.

"உங்க கணக்கை நான் எழுத முடியாது சார். சந்தேகத்துக்கு உள்ளானவர் நீங்க."

பதினைந்து நாளுக்கு முன் இருந்திருந்தால் அவரும் இதையேதான் சொல்லியிருப்பார். "முடியாதுதான்," என்றார். "மறுபடி எண்ணுங்க மேடம்."

இரண்டாம் தடவை பத்து நாற்பத்தைந்துக்குத் தொடங்கியது. இந்த முறை யாரும் பேசவில்லை. கீழ்வீட்டுக் குடித்தனக்காரர் ஒருவர் வெளியே வந்து, ஐந்து பேர் சுவரைப் பார்த்து மௌனமாக நிற்பதைக் கண்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். பத்து நிமிடம் முடிந்ததும் அதிகாரி, "ஐம்பத்து மூணு," என்றார். முதல் உதவியாளனும் ஐம்பத்து மூன்று என்றான். மற்றவன் ஐம்பத்து இரண்டு என்று சொல்லி, எல்லோரும் முறைத்தபின், தும்மல் வந்தது என்று ஒப்புக்கொண்டான்.

மீட்டரில் குறையில்லை என்று அதிகாரி எழுதினார். அதற்குக் கீழே, பயன்பாடு குறைந்ததற்குக் காரணம் என்று ஒரு கட்டம். அதில் அச்சடித்திருந்த காரணங்கள் நான்கு: பூட்டிய வீடு, காலி வீடு, மீட்டர் பழுது, திருட்டு. ஒன்றுதான் குறிக்க வேண்டும். பேனா நான்கின் மேலும் சுற்றி வந்தது.

"நீங்க என்ன சார் எழுதுவீங்க, இந்த மாதிரி வந்தா?"

இருபது வீட்டுக்கும் தான் என்ன எழுதினோம் என்பது தசமத்துக்கு நினைவில் இருந்தது, தேதியோடு. "நாலும் இல்லைன்னு எழுதுங்க மேடம்," என்றார். "ஓரத்துல இடம் இருக்கு. வீட்டுக்காரங்களைக் கேட்டதுல, அவங்களே அணைச்சு வெச்சதா சொன்னாங்கன்னு எழுதுங்க."

அவர்கள் போனபின் இருவரும் படியேறினார்கள். மேல்படியில் அவர் நின்றார்.

"ஓவர்டைம் நின்னதைச் சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்."

"நீயும் கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும்." கொஞ்சம் பொறுத்து, "தம்பிகிட்ட என்னன்னு கேட்டீங்க?"

அவர் சொன்னார், கேட்ட வார்த்தைகளை ஒன்றுவிடாமல். அவள் முகம் மாறியது. "போய் அந்த வார்த்தையை எடுத்துட்டு வாங்க. அதுக்கு அப்புறம்தான் சாப்பாடு."

கடையில் மைத்துனன் இவரைக் கண்டதும் குனிந்துகொண்டான். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவர், என்ன சொல்வதென்று தெரியாமல் ரீடிங் சொல்வது போலச் சொன்னார்: "செவ்வாய்க்கிழமை ஒன்றே முக்காலுக்கு உன்னைத் திருடன்னு சொன்னேன். தப்பு."

"மணியெல்லாம் எதுக்கு அத்தான் சொல்றீங்க?" என்றான் மைத்துனன். நிமிர்ந்தான். "வேற யாரையாவது வேற மணிக்கும் சொன்னீங்களா?"

"சொன்னேன். இருபது பேரை. அதுக்கு நோட்டு இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வந்து ஹீட்டரின் வயரை மறுபடி மாட்டினான். தினமும் போடலாம் என்றார் இவர். போடவே கூடாது என்றாள் மனைவி. வாரத்துக்கு ஒரு நாள் என்று முடிவானது. "பெரிய சமாதான ஒப்பந்தம்," என்றான் மைத்துனன்.

அடுத்த வாரம் தட்டச்சு அம்மா வீட்டுக்குப் போனபோது தசமம் முதலில் மீட்டரைப் பார்க்கவில்லை. உதிர்ந்த சுவரைப் பார்த்தார். பூசித் தருவதாகச் சொன்னார். அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்கு? யார் அனுப்பினாங்க?" என்றார். தானாகவே வந்ததாகச் சொன்னதை அந்த அம்மா நம்பவில்லை. மூன்று தடவை போனபின்தான் சுவரைத் தொட விட்டார். பூசி முடிக்கும்வரை பக்கத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்து கையையே கவனித்துக்கொண்டிருந்தார். அவர் அதற்கு வருத்தப்படவில்லை. தன்னைவிட நன்றாகக் கவனிக்கிறவர் என்று மட்டும் தோன்றியது.

ஒப்பந்தத்தின் முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஹீட்டர் போட்டார்கள். படியடியில் சிவப்பு விளக்கு எண்ண முடியாத வேகத்தில் சிமிட்டியது. ஏழு பத்துக்குக் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டுக்காரர் நின்றார். கண் தசமத்தின் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் போயிற்று.

"ஒண்ணுமில்லை. மீட்டர் அந்த ஓட்டம் ஓடுது. அன்னிக்கு அஞ்சு பேர் சுவரைப் பார்த்து நின்னீங்க. இன்னிக்கு இது. உங்களுக்கு எங்கேர்ந்தாவது பணம் ஏதாவது வந்துதா?"

"வெந்நீர் வந்தது," என்றார் தசமம். "உள்ள வாங்க. சந்தேகம்னா நேரா கேளுங்க."